எஸ்.யூ.வி. ஊர்திகளில் சக்கர, டயர் அளவுத் தேர்வு

எஸ்.யூ.வி. ஊர்திகளில் சக்கர, டயர் அளவுத் தேர்வு என்பது, தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் தானுந்து வகைகளில் வளைவுகளில் திரும்பும் திறன், தடுப்பின் வலிமை, பயண வசதி ஆகியவற்றைக் கருத்திற் கொண்டு ரிம்மின் விட்டம், ரிம்மின் அகலம், டயரின் அகலம், பக்கச்சுவரின் உயரம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு தீர்மானிப்பதாகும். பெரிய டயர் பொருத்தினால் வண்டி சாலையைப் பற்றிக்கொள்ளும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது பாதி மட்டுமே சரி. டயரின் மொத்த விட்டத்தை மாற்றாமல் ரிம்மைப் பெரிதாக்கினால் திருப்பத்தில் ஊர்தி விரைந்து கீழ்ப்படிகிறது. மொத்த விட்டத்தையே கூட்டினால் பெரும்பாலும் எதிர்விளைவே ஏற்படுகிறது.

அளவுக் குறியீடு

டயரின் பக்கச்சுவரில் 235/70 ஆர்16 என்பது போன்ற குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். ஆர் என்ற எழுத்து ஆரவமைப்பு (ரேடியல்) டயர் என்பதையும், 16 என்பது ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் தெரிவிக்கின்றன. மூன்று அலகு முறைகள் ஒரே குறியீட்டில் கலந்திருப்பது வரலாற்றின் எச்சமே.

இதனையடுத்து வரும் எண் சுமைச் சுட்டெண் ஆகும். 91 எனில் ஒரு டயர் 615 கிலோகிராமும், 100 எனில் 800 கிலோகிராமும், 104 எனில் 900 கிலோகிராமும் தாங்கும். இறுதி எழுத்து வேக எல்லை: எஸ் 180, டி 190, எச் 210 கி.மீ./மணி. புதிய டயரின் சுமைச் சுட்டெண் பழையதை விடக் குறையக்கூடாது என்பது அளவுத் தேர்வின் முதல் விதி. அழகான அகல டயர் ஒன்று குறைந்த சுட்டெண்ணுடன் விற்கப்படுவது அரிதன்று.

மொத்த விட்டத்தைக் கணக்கிடுதல்

பக்கச்சுவர் உயரத்தின் இருமடங்கோடு ரிம்மின் விட்டத்தைக் கூட்டினால் மொத்த விட்டம் கிடைக்கும். 235/70 ஆர்16 டயரில் பக்கச்சுவர் 164.5 மி.மீ.; ரிம் 406.4 மி.மீ.; மொத்தம் 735.4 மி.மீ. இதற்குப் பதிலாக 17 அங்குல ரிம்மில் 235/65 டயரைப் பொருத்தினால் 737.3 மி.மீ. கிடைக்கிறது. 18 அங்குல ரிம்மில் 235/60 எனில் 739.2 மி.மீ. இரண்டு அங்குலம் பெரிய ரிம் வந்த பின்னும் மொத்த விட்டம் 4 மி.மீ. கூட மாறவில்லை. மாறியது பக்கச்சுவர் மட்டுமே, 164.5 மி.மீ. ஆக இருந்தது 141 மி.மீ. ஆகக் குறைந்துவிட்டது.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ரிம் முதலில் திரும்புகிறது. அதன் பிறகே, பக்கச்சுவர் வளைந்து முறுகி, தரையைத் தொடும் பகுதி திரும்புகிறது. பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் இந்த இடைவெளி சுருங்கும். ஓட்டுநர் இதனையே "வண்டி சொன்னபடி கேட்கிறது" என்று உணர்கிறார். ஆனால் அதே பக்கச்சுவர்தான் குழியின் அதிர்ச்சியையும் உள்வாங்குகிறது. குட்டைச் சுவர் கொண்ட டயர் குழியில் விழும்போது ரிம்முக்கும் சாலைக்கும் இடையே நசுங்கி வெட்டுப்படும். அலாய் ரிம் விரிசல் காணும். பெரிய ரிம் பெரும்பாலும் கூடுதல் எடையுள்ளது. அந்த எடை சுருள்வில்லுக்குக் கீழே அமைவதால், மேடுபள்ளமான சாலையில் டயர் தரையை விட்டுத் துள்ளும் வாய்ப்பு கூடுகிறது.

உற்பத்தியாளர்களே ஒரே ஊர்திக்கு இரண்டு அளவுகளை அளிப்பதுண்டு. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆக்கப்படும் ஹூண்டாய் கிரெட்டாவுக்கு 205/65 ஆர்16, 215/60 ஆர்17 ஆகிய அளவுகளும், 2020 இல் வெளிவந்த மகிந்திரா தார் ஊர்திக்கு 245/75 ஆர்16, 255/65 ஆர்18 ஆகிய அளவுகளும் வழங்கப்பட்டன. தாரின் இரு அளவுகளுக்கும் விட்டங்கள் முறையே 773.9, 788.7 மி.மீ.; வேறுபாடு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அளவை மாற்ற விரும்புவோர்க்கு இத்தகைய பட்டியலே பாதுகாப்பான எல்லை.

சமவெளியும் மலையும்: சேந்தமங்கலம்

நாமக்கல்லுக்கு வடகிழக்கே, கொல்லிமலையின் அடிவாரப் பகுதியில் அமைந்த பேரூராட்சி சேந்தமங்கலம். இங்கிருந்து மேற்கே சென்றால் சேலம் - நாமக்கல் - கரூர் நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையை அடையலாம். கிழக்கே காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகச் சென்றால் சோளக்காட்டுக்கு ஏறும் மலைச்சாலை தொடங்குகிறது. அதில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையின் உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர். ஒரே ஊர்தி ஒரே நாளில் இவ்விரு சாலைகளையும் காண நேர்வதால், டயர் அளவின் விளைவுகளை விளக்க இவ்வூர் நல்ல எடுத்துக்காட்டாகும்.

தாரின் 245/75 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு 265/75 ஆர்16 பொருத்தியதாகக் கொள்வோம். மொத்த விட்டம் 803.9 மி.மீ. ஆகிறது, கூடுதல் 30 மி.மீ., அதாவது ஏறத்தாழ 3.9 விழுக்காடு. நெடுஞ்சாலையில் வேகமானி முன்பு சரியாக 80 காட்டிய இடத்தில் உண்மை வேகம் 83 ஆக இருக்கும். இது சிறு பிழையே. மலையில்தான் சிக்கல் தொடங்குகிறது. தடுப்புக் கருவி அதே முறுக்கு விசையைத் தந்தாலும், சக்கரத்தின் ஆரம் கூடியதால் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை ஏறத்தாழ 3.7 விழுக்காடு குறைகிறது. இறக்கத்தில் கீழ்க்கியரில் எஞ்சின் தரும் தடையும் அதே அளவு குறைகிறது. 2,000 கி.கி. எடையுள்ள ஊர்தி ஒவ்வொரு 100 மீட்டர் செங்குத்து இறக்கத்திலும் 19.6 லட்சம் ஜூல் ஆற்றலை இழக்க வேண்டும். எஞ்சின் தாங்காத பங்கு முழுவதும் தடுப்புக் கருவிகளில் வெப்பமாகச் சேரும். பலாவும் வாழையும் மிளகும் ஏற்றி இறங்கும் ஊர்திகளில் இது இன்னும் கடுமையானது.

கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் முழுமையாகத் திருப்பப்படுகிறது. அப்போது அகலமான முன் டயர் சக்கரக் கூட்டின் உட்புறத்தையோ சட்டத்தையோ உரசலாம். சமவெளியில் மாதக்கணக்கில் ஓட்டியும் இக்குறை தெரியாமல் இருந்திருக்கக்கூடும். உரசலைத் தவிர்க்க ரிம்மை வெளியே தள்ளிப் பொருத்துவது வழக்கம். இதனால் சக்கரத் தாங்கியின் மீது நெம்புவிசை கூடுகிறது. குழியில் விழும்போது ஸ்டீயரிங் கையில் உதைக்கிறது.

ஈர்ப்பு மையமும் கவிழ்தலும்

இடவல சக்கரங்களுக்கு இடையேயான தொலைவில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைப்பது நிலைச் சமநிலைக் காரணி. சக்கர இடைவெளி 1,550 மி.மீ., ஈர்ப்பு மைய உயரம் 700 மி.மீ. எனில் காரணி 1.11. தாழ்ந்த தானுந்துகளில் இது 1.3 முதல் 1.5 வரை இருக்கும். டயரின் உராய்வுக் கெழு இக்காரணியை விடக் குறைவாக இருந்தால், எல்லை மீறிய வேகத்தில் ஊர்தி வழுக்கும். கூடுதலாக இருந்தால் கவிழும். மேற்கூறிய பெரிய டயர் ஈர்ப்பு மையத்தை 15 மி.மீ. உயர்த்துவதால் காரணி 1.08 ஆகக் குறைகிறது. அதே டயர் மென்மையான ரப்பரால் ஆனதாகவும் இருந்தால் உராய்வு கூடி, இரு எல்லைகளும் நெருங்குகின்றன. கூடுதல் பிடிப்பு எப்போதும் கூடுதல் பாதுகாப்பு அன்று என்பதற்கு இதுவே காரணம்.

வேகத்தின் பங்கு இதனினும் பெரிது. 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 25 கி.மீ./மணி வேகத்தில் பக்க முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.41 மடங்கு, 40 கி.மீ. எனில் 1.05 மடங்கு. எந்த டயர் அளவும் இந்தத் தாவலை ஈடுசெய்யாது.

அகலம்

ஒரே சுமையும் ஒரே காற்றழுத்தமும் இருந்தால், அகல டயர் தரையைத் தொடும் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் வடிவமே மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. காய்ந்த சாலையின் வளைவுகளில் இது நன்மை தரும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீரின் மீது அகல டயர் விரைவில் மிதக்கத் தொடங்கும். இந்திய விதிகளின்படி தானுந்து டயரின் பள்ளம் 1.6 மி.மீ. ஆழத்துக்குக் குறையக்கூடாது. நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஊர்திகளில் நான்கு டயர்களும் ஒரே அளவிலும், ஏறத்தாழ ஒரே தேய்மானத்திலும் இருத்தல் வேண்டும். இல்லையெனில் விசைப் பகிர்வுப் பெட்டி பழுதுறும்.

காற்றழுத்தம்

அளவு சரியாக இருந்தும் அழுத்தம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஃபோர்டு எக்ஸ்புளோரர் நிகழ்வு சான்றாகும். 2000 ஆகத்தில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம், அப்போது பயன்பாட்டில் இருந்த ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. மேற்புறப் பட்டை பிரிந்து ஊர்திகள் கவிழ்ந்ததில் அமெரிக்காவில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 235/75 ஆர்15 அளவுக்கு ஊர்தி உற்பத்தியாளர் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு அழுத்தத்தையும், டயர் நிறுவனம் பின்னர் 30 பவுண்டையும் பரிந்துரைத்திருந்தன. குறைந்த அழுத்தம், வெப்பமான சாலை, தொடர்ந்த வேகம் ஆகிய மூன்றும் சேரும்போது டயரின் உள்வெப்பம் ஏறுகிறது. அவ்வாண்டிலேயே அமெரிக்கா புதிய டயர் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. புதிய ஊர்திகளில் அழுத்தங் காட்டும் கருவி கட்டாயமானது அதன் விளைவே.

அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில், காலையில் அளவிட வேண்டும். வெப்பநிலை 10 செல்சியசு பாகை கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பவுண்டு கூடும். ஆதலால் வெயிலில் ஓடிவந்த டயரில் காற்றை இறக்கிவிடுதல் தவறு. அளவை மாற்றியவர், கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள பழைய அழுத்த அட்டையை அப்படியே பின்பற்றாமல், புதிய டயரின் சுமை அட்டவணையை ஒப்புநோக்க வேண்டும்.

சட்டநிலை

1988 ஆம் ஆண்டு மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு ஊர்தி மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளர் வகுத்த மூல அமைப்புக்கு முரணான மாற்றம் கூடாது என உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது. டயர்களில் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அங்கீகரிக்கப்படாத அளவைப் பொருத்திய ஊர்தி விபத்துக்குள்ளானால் காப்பீட்டு இழப்பீடு மறுக்கப்படவும் கூடும்.