போதைப்பொருளை ‘டெஸ்ட்’ செய்து சொல்லும் மையங்கள்: எப்படி இயங்குகின்றன? ஏன் இவ்வளவு சர்ச்சை?

2014 டிசம்பர். நெதர்லாந்தில் ஒருவர் இளஞ்சிவப்பு நிற மாத்திரை ஒன்றைப் பரிசோதனை மையத்தில் கொடுத்தார். மேலே சூப்பர்மேன் சின்னம். ‘எக்ஸ்டஸி’ என்று சொல்லி விற்கப்பட்டது. ஆய்வில் பார்த்தால், எக்ஸ்டஸியில் இருக்க வேண்டிய எம்.டி.எம்.ஏ.வே அதில் இல்லை. இருந்தது பி.எம்.எம்.ஏ. என்ற வேறொரு ரசாயனம், அதுவும் ஆபத்தான அளவில்.

பி.எம்.எம்.ஏ. மெதுவாகத்தான் வேலை செய்யும். ‘ஒண்ணுமே ஏறலையே’ என்று நினைத்து இன்னொன்றைப் போட்டுக்கொள்வார்கள். அதற்குள் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிவிடும். நெதர்லாந்து அரசு உடனே நாடு முழுவதும் எச்சரிக்கை விட்டது. அங்கே அந்த மாத்திரையால் யாரும் இறக்கவில்லை. அதே மாத்திரை பிரிட்டனுக்கும் போயிருந்தது. 2015 புத்தாண்டையொட்டி அங்கே 4 பேர் இறந்தார்கள். நெதர்லாந்தில் 1992 முதல் தேசிய அளவில் மாத்திரைகளைப் பரிசோதிக்கும் ஏற்பாடு உண்டு. இங்கிலாந்தில் அப்போது அப்படியொன்று இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்தச் சேவைக்கு ‘டிரக் செக்கிங்’ என்று பெயர். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலையில் தொடங்கிய ‘கேன்டெஸ்ட்’ மையத்தைப் பார்த்தால் எளிதாகப் புரியும். அது ஒரு அரசு சுகாதார மையக் கட்டடத்துக்குள் இயங்குகிறது. யாரும் போகலாம். பெயர் கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை வேண்டாம், கட்டணமும் இல்லை.

கொண்டுவந்த பொருளிலிருந்து துளியளவு சுரண்டி எடுப்பார்கள். அதன் மீது அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால், ஒவ்வொரு ரசாயனமும் தனக்கே உரிய ஒரு வடிவத்தைக் காட்டும். கைரேகை மாதிரி. அதைக் கணினியில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் இந்தக் கருவிக்கு ஒரு குறை உண்டு. ஒரு பொருள் சுமார் 5 சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்திருந்தால் கண்ணில் படாமல் போகலாம். ஃபென்டனைல் போன்றவை அதைவிடக் குறைந்த அளவிலேயே உயிரை எடுக்கும். அதனால்தான் அவற்றுக்குத் தனியாக, கர்ப்பப் பரிசோதனை அட்டை போன்ற பட்டைகளும், இன்னும் நுட்பமான கருவிகளும் வைத்திருக்கிறார்கள்.

பரிசோதனை நடக்கும்போதே சுகாதாரப் பணியாளர் ஒருவர் உட்கார்ந்து பேசுவார். வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா, இதய நோய் இருக்கிறதா, தனியாக இருக்கும்போது எடுப்பீர்களா? என்னைக் கேட்டால், சேவையின் உயிர்நாடியே இந்தப் பேச்சுதான். போதைப்பொருள் எடுக்கும் இளைஞர் ஒருவர் பயமில்லாமல் மருத்துவப் பணியாளரிடம் மனம்விட்டுப் பேசும் இடம் வேறு எங்கே இருக்கிறது?

முடிவு வந்ததும், வேண்டாம் என்று நினைப்பவர்கள் பொருளை அங்கேயே அழிக்கக் கொடுத்துவிடலாம்.

‘இது பாதுகாப்பானது’ என்று சான்றிதழ் தருகிறார்களா?

இல்லை. பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான். எந்த மையமும் ‘சேஃப்’ என்ற வார்த்தையைப் பயன்படுத்தாது. எடுக்காமல் இருப்பது மட்டுமே ஆபத்தில்லாத வழி என்றுதான் பேச்சையே தொடங்குவார்கள். எதிர்பார்த்த பொருளே இருந்தாலும், அதன் வீரியம் ஆளைக் கொல்லலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெண்பொங்கலில் ஒரு கரண்டியில் மிளகே இருக்காது, அடுத்த கரண்டியில் நாலு இருக்கும். வீட்டிலோ கொட்டகையிலோ கலக்கப்பட்ட தூளும் அப்படித்தான். சுரண்டி எடுத்த துளியில் விஷம் இல்லை என்பதற்காக, மீதியில் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்தச் சேவையால் தனிநபருக்கு மட்டுமல்ல, ஊருக்கும் பயன் உண்டு. 2022-இல் ஒருவர் கெட்டமின் என்று நினைத்து வாங்கிய பொருளைக் கான்பெரா மையத்துக்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் ஆராய்ந்தபோது, அந்நாட்டில் அதுவரை தென்படாத புது ரசாயனம் என்று தெரிந்தது. ‘கேன்கெட்’ என்று பெயர் வைத்தார்கள். சந்தைக்கு என்ன வந்திருக்கிறது என்பது மருத்துவமனைக்கும் போலீஸுக்கும் பிரேதப் பரிசோதனை மேசையில்தான் தெரியவர வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் ஏன் எதிர்ப்பு?

‘அரசே போதைக்குப் பச்சைக்கொடி காட்டுதா?’ என்ற கேள்வி எல்லா நாட்டிலும் எழுகிறது. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதே. நியூசிலாந்து 2021-இல் சட்டமே இயற்றி இந்தச் சேவையை நிரந்தரமாக்கியது. ஆஸ்திரேலியாவிலேயே குயின்ஸ்லாந்து மாநிலம் 2024-இல் மையங்களைத் திறந்து, ஆட்சி மாறியபின் 2025-இல் மூடிவிட்டது. போதைப்பொருளைப் பாதுகாப்பாக எடுக்க வழியே கிடையாது என்பது அந்த அரசின் வாதம். வேடிக்கை என்னவென்றால், மையத்துக்குள் பணியாளர்கள் முதலில் சொல்வதும் அதேதான். பயன்படுத்த முடிவு செய்துவிட்ட ஒருவர், அந்த வாக்கியத்தை மையத்துக்குப் போகாமல் எங்கே கேட்கப் போகிறார் என்பதற்குத்தான் பதில் இல்லை.

இந்தியாவில் சாத்தியமா?

இப்போதைய சட்டப்படி மிகக் கடினம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், வைத்திருப்பதும் குற்றம், பயன்படுத்துவதும் குற்றம். மையத்துக்கு மாத்திரையோடு வருபவரும் மாட்டுவார், அதைக் கையில் வாங்கும் பணியாளரும் மாட்டுவார். இங்கே ஆய்வகங்களில் பரிசோதனை நடக்காமல் இல்லை. ஆனால் அது வழக்குக்கான சாட்சியம். பயன்படுத்துபவருக்கு உதவும் நேரத்தில் அந்த முடிவு வெளியே வராது.

கலப்படத்தின் விலை நமக்குத் தெரியாததல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. குடித்தவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. மெத்தனால் என்று உறுதியானபோது பலர் இறந்துவிட்டிருந்தார்கள்.

பாதிப்பைக் குறைக்கும் அணுகுமுறை இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்பவர்களிடையே எச்.ஐ.வி. பரவியபோது, மணிப்பூர் போன்ற மாநிலங்களில் சுத்தமான ஊசி தரும் திட்டம் வந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இன்றும் அதை நடத்துகிறது. ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவக் கண்காணிப்பில் புப்ரினார்ஃபின் மாத்திரையும் தரப்படுகிறது. அப்போதும் ‘ஊசியை அரசே கொடுக்கலாமா?’ என்று கேட்டார்கள்.

போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்கான வழக்கிலிருந்தும், சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலிருந்தும் அவருக்கு விலக்கு கிடைக்க அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆலோசனைக்கு மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446.