இருபது வயதைத் தாண்டாத பழம்பெரும் ஆலயம்

இசே ஆலயத்தின் வயது என்ன என்னும் வினாவுக்கு இரண்டு விடைகள் உண்டு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் என்பது ஒன்று. 2013ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து எண்ணிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஜப்பானின் மீயே மாநிலத்தில், நகோயா நகரிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் அமைந்த இத்தலம், ஷிண்டோ சமயத்தின் தலையாய வழிபாட்டிடம். இதன் முதன்மைச் சன்னிதிகள் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, அடுத்திருக்கும் வெற்று மனையில், அதே அளவிலும் அதே வடிவிலும் புதிதாக எழுப்பப்படுகின்றன. தெய்வம் புதிய இல்லத்துக்கு எழுந்தருளிய பின் பழைய கட்டடம் பிரிக்கப்படுகிறது.

இசே என்பது தனியொரு கோயில் அன்று. பெரியதும் சிறியதுமான 125 ஆலயங்களின் தொகுதி. சூரிய தேவியான அமதெராசு உறையும் உள் ஆலயமும், அவருக்கு அமுது படைக்கும் தெய்வமான தொயோஉகே உறையும் வெளி ஆலயமும் அவற்றுள் தலைமையானவை. வெளி ஆலயத்தை முதலில் வணங்கிய பின்னரே உள் ஆலயத்துக்குச் செல்வது மரபு. வெளி ஆலயத்தில் நாள்தோறும் காலையும் மாலையும் படையல் நடைபெறுகிறது. நம் நாட்டு வேள்விகளில் அரணி கடைவது போல, மரத்தோடு மரம் உரசி எழுப்பிய நெருப்பில்தான் அந்த அமுது சமைக்கப்படுகிறது. அரிசி ஆலயத்தின் சொந்த வயலில் விளைந்தது. உப்போ, ஃபுதாமி கடலோரத்தில் ஆலயத்துக்கென்றே காய்ச்சி, முக்கோண அச்சில் அடைத்துச் சுட்டு இறுக வைத்தது. மீன், கடற்பாசி, காய்கனி, நீர், சாக்கே மது ஆகியவையும் உடன் இடம்பெறும்.

உள் ஆலயத்துக்குச் செல்வோர் இசுசு ஆற்றின் மேல் அமைந்த உஜி மரப்பாலத்தைக் கடக்க வேண்டும். ஏறத்தாழ நூறு மீட்டர் நீளமுள்ள இப்பாலமும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்படுவதே. அதன் இரு முனைகளிலும் நிற்கும் தோரி வாயில்களின் மரத்துக்கு ஒரு முற்பிறவி உண்டு. அவை இரு ஆலயங்களின் கருவறைக் கூரை முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள். இருபது ஆண்டு சன்னிதியில் பணி. பிறகு இருபது ஆண்டு பாலத்தின் வாயிலாகப் பணி. அதன்பின் குவானா, செக்கி என்னும் பழைய சாலைத் தலங்களில் வாயிலாக மேலும் இருபது ஆண்டு. பிரித்தெடுத்த ஏனைய மரங்களும் நாட்டின் பிற ஆலயங்களுக்குச் செல்கின்றன.

கட்டடத்தின் வடிவம் பழங்காலத்து நெற்களஞ்சியத்தை நினைவூட்டுவது. வண்ணம் பூசாத ஹினோக்கி மரம், கோரைப்புல் வேய்ந்த கூரை, அடிக்கல் இன்றி மண்ணிலேயே நட்ட தூண்கள். ஈரமான நாட்டில் இத்தகைய தூண் நெடுங்காலம் நில்லாது. நாராவில் உள்ள ஹோரியூஜி என்னும் பௌத்த மடத்தின் மரக்கட்டடங்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கின்றன. அங்கே தூண்களுக்கு அடியில் கல் உண்டு. ஆகவே நிலைத்து நிற்கும் கட்டடம் கட்டத் தெரியாததால் இசேயில் இவ்வாறு கட்டவில்லை. அழியக்கூடியதை அறிந்தே கட்டுகிறார்கள். கட்டும் அறிவையே காக்க வேண்டிய செல்வமாகக் கருதினார்கள் என்பது நம் எண்ணம். இருபதில் பயிலும் தச்சர் நாற்பதில் பொறுப்பேற்று, அறுபதில் இளையோருக்குக் கற்பிக்கலாம்.

மாற்றப்படுபவை சன்னிதிகள் மட்டுமல்ல. ஆடை, நெசவுக்கருவி, வாள், குதிரைச் சேணம் என 714 வகைகளில் 1,576 பொருள்கள் புதிதாகச் செய்யப்படுகின்றன. சில கலைகள் இந்த ஒரே வேலையால்தான் உயிர் வாழ்கின்றன. ஒரு வாளின் பிடியை அணி செய்ய தோக்கி என்னும் செந்நாரையின் இறகுகள் இரண்டு வேண்டும். ஜப்பானின் காடுகளில் அப்பறவை ஒரு காலத்தில் அற்றே போயிற்று. சீனத்துப் பறவைகளைக் கொண்டு இனம் பெருக்கி 2008 முதல் மீண்டும் பறக்கவிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? 2013இல் நடந்த 62ஆவது புதுப்பித்தலுக்கு ஏறத்தாழ 5,500 கோடி யென் செலவாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசும் சமயமும் பிரிக்கப்பட்டதால் அரசுக் கருவூலம் இதற்கு உதவுவதில்லை. ஆலயத்தின் சொந்த நிதியும் மக்களின் நன்கொடையுமே துணை. 690ஆம் ஆண்டு ஜிதோ பேரரசி காலத்தில் முதல் புதுப்பித்தல் நடந்தது. ஆயினும் சங்கிலி ஒருபோதும் அறுந்ததில்லை என்று கூறுவது தவறு. உள்நாட்டுப் போர்கள் மலிந்த பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் 120 ஆண்டுகளுக்கும் மேலாகப் புதுப்பித்தல் நின்றுபோயிற்று. ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டி, 1563இல் வெளி ஆலயப் பணியை மீட்டெடுத்தவர் செய்ஜுன் என்னும் பௌத்தப் பெண் துறவி. ஷிண்டோவின் தலைமைப் பீடத்தைப் புத்தரின் அடியவர் ஒருவர் காத்தார் என்பதை வழிகாட்டி நூல்கள் ஏனோ ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அதன்பின் வந்த அமைதிக் காலத்தில் எளிய மக்களின் சிறுசேமிப்பு இசேயைத் தாங்கிற்று. கிராமத்தார் 'கோ' என்னும் குழுவாகச் சேர்ந்து ஆளுக்குச் சிறு தொகை செலுத்துவர். குலுக்கலில் பெயர் வந்தவர் அனைவர் சார்பிலும் இசேக்குச் சென்று வருவார். நம் ஊர்க் குலுக்கல் சீட்டை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 'ஓஷி' எனப்பட்ட பூசகர்கள் நாடெங்கும் சுற்றிக் காப்புத் தாளும் நாட்காட்டியும் வழங்கி, வரும் அடியார்களைத் தம் இல்லங்களில் தங்க வைத்தனர். வெளி ஆலயத்தை ஒட்டிய யமதா ஊரில் இந்த ஓஷி வணிகர்கள் 1600ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், வெள்ளி நாணயத்தின் சில்லறைக்கு மாற்றாகக் கைச்சாத்துத் தாள்களை வெளியிட்டனர். 'யமதா ஹகாகி' என்னும் அவையே ஜப்பானின் முதல் தாள் பணம் எனக் கருதப்படுகின்றன. வங்கியின் இதழ் இதைச் சொல்லாமல் விட்டால் பிழையாகும்!

பயணம் செய்ய இயலாத முதியோர் சிலர் தம் நாயின் கழுத்தில் பணமுடிப்பைக் கட்டி இசேக்கு அனுப்பினர். வழியில் உள்ளோர் அதற்கு உணவிட்டு, அடுத்த ஊர் வரை கொண்டு சேர்ப்பர். அக்கால மரவெட்டு ஓவியங்களில் இந்த யாத்திரை நாய்களைக் காணலாம்.

சன்னிதியில் இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்க வேண்டும். நான்கு அடுக்கு வேலிக்கு அப்பால் கூரையின் முகடு மட்டுமே தெரியும். புகைப்படம் எடுக்க இயலாது. இங்கே உண்டியல் இல்லை. முற்காலத்தில் பேரரசரைத் தவிர எவரும் காணிக்கை செலுத்தலாகாது என்பது விதி. இன்றும் நாணயம் இடுவோருக்காக ஒரு வெள்ளைத் துணி விரிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. தன்னலமான வேண்டுதலும் இங்கே வழக்கமில்லை. நன்றி கூறுவதே முறை.

பாலத்துக்கு வெளியே உள்ள கடைவீதியில் 1707 முதல் விற்கப்படும் அகாஃபுகு என்னும் இனிப்பைச் சுவைக்கலாம். அரிசிமாவு உருண்டை ஆற்றின் வெண்கல்; அதன் மேல் விரல் தடத்தோடு பூசிய பயற்று விழுது இசுசுவின் நீரோட்டம். வீதியில் நடக்கும்போது வீட்டு வாசல்களையும் நோக்குங்கள். பிற ஊர்களில் புத்தாண்டுக்கு மட்டும் கட்டும் வைக்கோல் கயிறு இங்கே ஆண்டு முழுவதும் தொங்கும். வழிப்போக்கராக வந்த தெய்வத்துக்குச் செல்வந்தர் இடம் மறுக்க, ஏழையான சோமின் இடம் கொடுத்தாராம். அவர் வழியினரை நோய் தீண்டாது என்பது கதை. 'இது சோமின் மரபினர் இல்லம்' என்னும் சொற்கள் அக்கயிற்றின் மரப்பலகையில் எழுதப்பட்டிருக்கும்.

அடுத்த புதுப்பித்தல் 2033இல். 2025இலேயே மரம் வெட்டும் சடங்குகள் தொடங்கிவிட்டன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஹினோக்கி மரங்கள் வேண்டும். பெரும்பகுதி கிசோ மலைக்காடுகளிலிருந்து வருகிறது. ஊரார் கயிறு கட்டி, பாட்டுப் பாடி, தெருவிலும் ஆற்றிலும் அவற்றை இழுத்துவந்து சேர்ப்பர். ஆனால் தூண் ஆகத் தக்க முதுமரங்கள் அரிதாகிவருகின்றன. இதனை முன்னுணர்ந்து, 1923இல் ஆலயம் தன் சொந்த மலைக்காட்டுக்கு இருநூறு ஆண்டுத் திட்டம் ஒன்றை வகுத்தது. அதன் பயனாக 2013இல், ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின், தேவையில் நான்கில் ஒரு பங்கு மரம் அக்காட்டிலிருந்தே கிடைத்தது. எனினும் பெருந்தூண்களுக்குரிய மரங்கள் முதிர அடுத்த நூற்றாண்டு ஆகும். அவற்றின் அடிமரத்தில் இப்போதே வெள்ளை வளையங்கள் தீட்டி அடையாளம் இட்டிருக்கிறார்கள்.