நோய் ரகசியம்... ஜாக்கிரதை!

'வெளிய சொல்லிராதீங்க, ஐயா' என்று தணிந்த குரலில்தான் சங்கரன்கோவிலில் என்னிடம் நோயைச் சொல்கிறார்கள். அவர்களே செல்போன் ஆப்பில் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள்! வரன் பார்க்கும் பெண்ணின் வலிப்பு மாத்திரை விவரம் வெளியே போனால் என்னாகும்?

2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த விவரம், எதற்காக என்று சொல்லி உங்கள் சம்மதம் வாங்கவேண்டும். அதைத் தமிழிலும் படிக்க வசதி தரவேண்டும். மருத்துவ ஆலோசனை ஆப் ஒன்று உங்கள் போனிலுள்ள நம்பர்களையெல்லாம் கேட்டு, நீங்கள் 'சரி' சொல்லியிருந்தாலும், ஆலோசனைக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே அந்தச் சம்மதம் செல்லும். சட்டமே காட்டும் உதாரணம் இது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பவும் பெறலாம்.

விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன, அமலாவது படிப்படியாகத்தான். அதுவரை காத்திருக்காதீர்கள். யார் விவரம் கேட்டாலும், 'இது எதுக்கு?' என்று இன்றே கேட்டுப் பழகுங்கள்.