தனித்திருப்போர் வீட்டுத் தேநீர்

யாழ்ப்பாணத்து ஊர்களிற் கிடுகுவேலிகள் அருகி மதில்கள் பெருகிவிட்டன. மதிலுக்கு அப்பால் ஐந்தாறு அறைகள் கொண்ட வீடு. வீட்டினுள் ஒரேயொரு முதியவர். மாலையில் விறாந்தை விளக்கு எரிவதைக் கொண்டே அவர் நலமாயிருக்கிறார் என அயலார் அறிவர். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் பிள்ளைகளை ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் கொண்டு சென்றது. காணியை விட்டுப் பிரிய மனமின்றியோ, அந்நாடுகளின் குளிரைத் தாங்க இயலாமலோ பெற்றோர் பலர் இங்கு தங்கினர். போர் மட்டுமே இதற்குக் காரணம் என்பதற்கும் இல்லை. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் நூற்றுக்கு எழுவருக்கும் குறைவாயிருந்த அறுபது வயது கடந்தோர், 2012 இல் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேலாயினர்.

இத்தகையோரை வாரம் ஒருமுறை சென்று கண்டு வருவதென ஆசிரியர் சிலரும் உயர்வகுப்பு மாணவர் சிலரும் 2017 இல் கூடி முடிவு செய்தோம். அதற்கென விதிகளும் வகுத்தோம். ஒருவர் தனியே செல்லலாகாது, இருவராகவே செல்லவேண்டும். குறித்த நாளில், குறித்த நேரத்திற் செல்லவேண்டும். காணி, உறுதி, வங்கிப் புத்தகம் பற்றி வாய் திறக்கலாகாது. படம் பிடிக்கலாகாது. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று: சென்ற வீட்டில் எதனையும் ஏற்கலாகாது, ஒரு மிடறு தண்ணீராயினும்.

ஐந்தாம் விதியை எழுதியவன் நானே. வறிய முதியவருக்கு நாம் செலவு வைக்கலாகாது. எதையோ எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள் என ஊரார் பேசவும் இடந்தரலாகாது. இவையே நான் கூறிய நியாயங்கள். எல்லோரும் தலையசைத்தனர். எனக்கும் உள்ளூர ஒரு பெருமிதம் இருந்தது என்பதை மறைப்பானேன்?

எங்கள் பங்குக்கு வந்த வீடுகளுள் ஒன்று மதில் வீடன்று. ஊரெல்லையில், கிடுகுவேலிக்குள், சிறிய கல்வீடு. அங்கிருந்த ஆச்சி எழுபத்தைந்தை எட்டியவர். ஒரே மகள் பாரிசில். முதற்சந்திப்பிலேயே, யாழ்ப்பாணத்தாருக்கே உரிய வழக்கப்படி, நான் எந்த ஊர், எந்தத் தெரு, எவருடைய மகன் என்பதை நான்கு கேள்விகளில் ஆச்சி அறிந்துகொண்டார். பின்னர், “தேத்தண்ணி ஊத்தட்டோ பிள்ளையள்?” என்றார். “வேண்டாம் ஆச்சி, இப்பத்தான் குடிச்சிட்டு வாறம்” என்றோம். அடுத்த வெள்ளியும் அதே கேள்வி, அதே விடை. மூன்றாம் வெள்ளி அவர் கேட்கவில்லை. நான்காம் வெள்ளி படலை சங்கிலியாற் பூட்டப்பட்டிருந்தது. உள்ளே முற்றம் கூட்டும் ஓசை கேட்டுக்கொண்டேயிருந்தது.

மறுநாள், முதல் விதியையும் மீறி, நான் தனியே சென்றேன். ஆச்சி படலைக்கு உட்புறம் நின்றே பேசினார்.

“மாஸ்டர், நீங்கள் நல்ல மனசோடைதான் வாறியள். அது எனக்குத் தெரியும். ஆனா என்ரை வீட்டிலை தண்ணி குடியாத ஆக்கள் என்ரை வளவுக்கை வரவேண்டாம்.”

அக்கணம் வரை எனக்கு அது தோன்றவேயில்லை. தோன்றியிருக்க வேண்டும். இம்மண்ணில் ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்க மறுப்பது என்ன பொருள் தரும் என்பதை அறியாமலா நாம் வளர்ந்தோம்? நான் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்பதையும் ஆச்சி கேட்டறிந்திருந்தாரே!

பல மாதங்களின் பின் ஒரு நாள், தாமாகவே சொன்னார். சிறுமியாயிருந்தபோது தந்தையின் கைபிடித்துச் சந்தைக்குச் செல்வாராம். தேநீர்க்கடையின் உள்ளே அவர்களுக்கு இடமில்லை. வெளியே நிற்கவேண்டும், மற்றவர்க்குக் கண்ணாடிக் குவளை, அவர்களுக்குப் போத்தல். “ஒருநாள் போத்தலின்ரை வாய் உடைஞ்சிருந்தது. ஐயாவின்ரை சொண்டு வெட்டுப்பட்டுது. அவர் ஒண்டும் பேசேல்லை, துடைச்சுப்போட்டு மிச்சத்தைக் குடிச்சார்.”

இத்தகைய பாகுபாட்டைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இல் வந்தது. சட்டம் வந்ததும் கடைகள் திருந்திவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டதும், அதன்பின் தேநீர்க்கடைகளின் வாயிலிலும் ஆலயங்களின் வாயிலிலும் நடந்த போராட்டங்களும் ஏட்டில் உள்ளவை. அன்று கொடுக்க மறுத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேற் கழித்து நாங்கள் வாங்க மறுத்தோம்.

ஆச்சியின் மகள் வாழும் பாரிஸ் நகரிலே 1946 இல், போர் ஓய்ந்த மறுவருடம், ஆர்மான் மார்க்கிசே என்பவர் தனித்திருக்கும் வறிய முதியோரை நாடிச் செல்லும் தொண்டர் குழு ஒன்றைத் தொடங்கினார். உணவு கொண்டு சென்றார்கள்; உணவோடு மலரும் கொண்டு சென்றார்கள். பாணுக்கு முன் பூ என்பதே அவர்தம் கொள்கை. (பாண் என்ற சொல்லை நமக்குத் தந்தவர் போர்த்துக்கேயர்; பிரெஞ்சுச் சொல்லும் அதற்கு உறவினமே.) பசித்தவருக்குப் பூ எதற்கு எனக் கேட்கத் தோன்றும். உணவு மட்டும் பெறுபவர் இரவலர். பூவும் பெறுபவர் மதிக்கத்தக்க ஒருவர் என்பதே அதற்கு விடை எனக் கொள்ளலாம்.

அதே பிரான்சில் 2003 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துக் கடுவெப்பத்தில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். மிகப் பெரும்பாலோர் முதியோர், அவர்களுட் பலர் தனித்திருந்தோர். கேட்பாரற்றுக் கிடந்த உடல்களும் இருந்தன. மறுவருடமே, தனித்திருக்கும் முதியோரின் பெயர்ப்பதிவேட்டை நகரசபைகள் வைத்திருக்கவேண்டுமெனச் சட்டம் செய்தார்கள். நம் நாட்டிலும் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. பதிவேடு வேண்டியதே. ஒருவர் உயிரோடிருக்கிறாரா என்பதை அது சொல்லும்.

எனினும் மார்க்கிசேயின் பூவும் வருபவர் கொடுப்பதுதான். ஆச்சி கேட்டது அதனினும் ஒருபடி மேலானது. தமக்கும் கொடுக்க ஒன்று உண்டு, அதை வாங்க ஓர் ஆள் வேண்டும் என்றார். தனிமையில் முதியோர் இழப்பது பேச்சுத்துணையை மட்டுமென நாம் எண்ணுகிறோம். விருந்து வரும் வீடு என்ற நிலையையும் அவர்கள் இழந்துவிடுகிறார்கள். பார்சலோடு செல்லும் தொண்டர், அவ்வீட்டுக்கு உரியவரை அவர் வீட்டிலேயே கைநீட்டுபவராக்கிவிடுகிறார்.

ஐந்தாம் விதியை அடித்துவிட்டோம். அதனால் ஆச்சியின் செலவு கூடவில்லையா என ஆசிரிய நண்பர் ஒருவர் கேட்டார். கூடத்தான் செய்தது. 2022 இல் பால்மா கடைகளிற் கிடையாமற்போனபோது பனங்கட்டித் துண்டோடு வெறுந்தேநீர் வந்தது. நாங்கள் திரும்புகையில் முருங்கைக்கீரைப் பிடியொன்றும் வரும். ஒருநாள் மாணவன் ஒருவனுக்கு ஓலைப்பெட்டி இழைக்கக் கற்றுக்கொடுத்தார். அவன் இழைத்ததைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். அச்சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பாடசாலைகளில் இப்பணியைத் தொடங்க எண்ணும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பரீட்சைக் காலம் வந்ததும் வருகையை நிறுத்திவிடுகிறோம். எங்கள் குழுவும் ஒருமுறை ஆறு கிழமை நிறுத்தியது. அவ்வாறு வெள்ளிகளிலும் ஆச்சி கேத்திலை அடுப்பில் வைத்துக் காத்திருந்தார் என அயல்வீட்டுப் பெண் சொன்னாள். ஆறு கிழமைக்கு மேல் நாள் ஒதுக்க இயலாதவர்கள் தொடங்காதிருப்பதே நன்று என்பது என் எண்ணம். இதைக் கடுமையென்பார் இருக்கலாம். பரீட்சை எழுதும் மாணவருக்குப் பதிலாக அடுத்த வகுப்பினர் செல்ல இப்போது முறை வகுத்திருக்கிறோம்.

ஆச்சி என்னை மன்னித்தாரா என்பதை நான் கேட்டதில்லை. வெள்ளிதோறும் மாணவருக்கு முதலிற் கொடுத்துவிட்டு, என் குவளையைக் கடைசியாக நீட்டுவார். நீட்டிய பின் பேச்சை நிறுத்திவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.