அடைப்பு மீண்டும் வருமா?

இருதயத் தசைகளுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளில் கொழுப்பு படிந்தால் பாதை குறுகும், நெஞ்சுவலி வரும். 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் என்ற மருத்துவர், நெஞ்சைத் திறக்காமலேயே இதற்குச் சிகிச்சை அளித்தார். மெல்லிய குழாயின் வழியே சிறு பலூனைத் தமனிக்குள் செலுத்தி, அதை ஊதிப் பாதையை விரித்தார்.

ஆனால், ஒரு சிக்கல் எழுந்தது. பலூன் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குச் சில மாதங்களிலேயே அதே இடம் மீண்டும் குறுகியது. இதனை மறுகுறுக்கம் எனலாம்.

இது ஏன் ஏற்படுகிறது? ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தாத்தா பாட்டிகளுக்கு ஓர் உண்மை தெரியும். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால், புதுப்பட்டை சீராக வளராமல் முண்டும் முடிச்சுமாகத் தடித்துவிடும். தமனியும் அப்படித்தான். பலூன் விரியும்போது உட்சுவர் காயப்படுகிறது. காயத்தை ஆற்றுவதற்காகப் பெருகும் உயிரணுக்கள் அளவுக்கு மீறினால், பாதையையே அடைக்கின்றன. விரிந்த சுவரும் ஓரளவு சுருங்குகிறது.

சுவர் சுருங்காமல் தாங்க, 1986இல் ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாய் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. எனினும், வலையின் இடைவெளிகளில் உயிரணுக்கள் வளர்ந்தன. அதனைத் தடுக்க மருந்து பூசிய ஸ்டென்டுகள் பின்னர் வந்தன. முதலில் பூசப்பட்ட சிரோலிமஸ் மருந்து, பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவு மண்ணில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டதாகும். இவற்றால் மறுகுறுக்கம் பெரிதும் குறைந்தது, முற்றாக மறையவில்லை. நீரிழிவு நோயாளிகளுக்கு இந்த அபாயம் கூடுதல்.

ஸ்டென்ட் பாதையைத் திறக்கிறது, நோயை வேரறுப்பதில்லை. "வலிதான் போய்விட்டதே, மாத்திரை எதற்கு?" என்று சிலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். இது பேராபத்து. இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து திடீர் மாரடைப்பு வரலாம்.

இங்கே மாணவர்களுக்கும் பங்குண்டு. மருந்துப் பையிலும் மருத்துவமனைச் சந்திப்பு அட்டையிலும் உள்ள மலாய் மொழிக் குறிப்புகளைத் தாத்தா பாட்டிக்குப் படித்துச் சொல்லுங்கள். சந்திப்பு நாளை நினைவூட்டுங்கள். புகைப்பழக்கத்தை விடவும் இனிப்பைக் குறைக்கவும் துணை நில்லுங்கள். நெஞ்சுவலி மீண்டும் வந்தால், காற்றுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக் காத்திராமல் உடனே 999ஐ அழையுங்கள்.