ஹாஃப் டோமுக்கு எதிரே ஒரு வகுப்பறை

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் குடியிருந்துகொண்டு யோசெமிட்டிக்கு ஒரு தடவைகூடப் போகாத தமிழ்க் குடும்பத்தைப் பார்ப்பது அபூர்வம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோயில், அப்புறம் யோசெமிட்டி என்று ஒரு வரிசையே உண்டு. நாலு மணி நேரம் கார் ஓட்டி, டனல் வியூவில் இறங்கி, எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்பக் காரில் ஏறுவோம். அப்போது பக்கத்திலேயே பத்துப் பேர் ட்ரைபாடில் கேமராவைப் பூட்டிவிட்டு, படமே எடுக்காமல் சும்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒருவர் மட்டும் கையில் கேமரா இல்லாமல் வானத்தைப் பார்ப்பார், ஒவ்வொருவர் பக்கமும் போய்க் குனிந்து ஏதோ சொல்வார். அவர்தான் வாத்தியார். லேண்ட்ஸ்கேப் போட்டோகிராபி டூர் நடத்துகிறவர்.

"கேமரா பாடம் யூடியூபிலேயே இலவசமாகக் கிடைக்குதே, இதுக்குப் போய் காசு கொடுக்கணுமா?" இதைக் கேட்காத நண்பர்கள் எனக்கு இல்லை. கேள்வி நியாயமானதுதான். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் வீட்டு சோபாவில் உட்கார்ந்தே படித்துவிடலாம். மூன்று நான்கு வொர்க்‌ஷாப்களுக்குப் போய் வந்தபின் எனக்குத் தோன்றுவது, இந்த வாத்தியார்கள் விற்பது கேமரா பாடத்தை அல்ல, நேரத்தை. எந்த இடத்தில், எந்த மாதம், எத்தனை மணிக்கு நிற்க வேண்டும். எப்போது கிளம்பக் கூடாது. எப்போது கேமராவைப் பையில் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதை.

டனல் வியூவையே எடுத்துக்கொள்வோம். 1933-ல் வவோனா சுரங்கப்பாதை திறந்தபோது கிடைத்த இடம் அது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் இடப்பக்கம் எல் கேப்பிட்டன், பள்ளத்தாக்குத் தரையிலிருந்து சுமார் 3,000 அடி செங்குத்தாக நிற்கும் பாறை. வலப்பக்கம் 620 அடி உயர பிரைடல்வெயில் அருவி. தூரத்தில் ஹாஃப் டோம். நாம் கிழக்கே பார்த்து நிற்கிறோம். 'சூரிய உதயம்தானே அழகு' என்று விடிகாலையில் ஓடிப்போனால், சூரியன் எதிரே வந்து கண்ணைக் குத்தும், பாறைகளின் முகம் கறுப்பாக இருக்கும். அந்தப் பாறைகளில் வெளிச்சம் நேராக விழுவது சாயங்காலத்தில். ஆனால் முந்தின நாள் மழையோ பனியோ பெய்து ஓய்ந்திருந்தால் கணக்கு மாறிவிடும். பள்ளத்தாக்கில் பனிமூட்டம் படுத்திருக்கும் என்பதால் நல்ல வாத்தியார் விடிகாலையிலேயே எல்லோரையும் எழுப்பிவிடுவார். ஒரே இடம், இரண்டு விதி. இந்த இரண்டில் இன்று எது என்று முந்தின இரவே முடிவெடுப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

நம்மவர்களுக்கு இது புதிதில்லை. தொல்காப்பியம் நிலத்தைத் தனியாகச் சொல்லவில்லை. நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல். மலையைச் சொன்னால் அதற்கான நேரத்தையும் சொல்லியாக வேண்டும். யோசெமிட்டியில் ட்ரைபாடோடு நிற்கிற அமெரிக்க வாத்தியார் இதைப் படித்திருக்க மாட்டார், ஆனால் பிழைப்பு அதே சூத்திரத்தில்தான் நடக்கிறது.

இந்தத் தொழிலுக்கு யோசெமிட்டியில் பழைய வேர் உண்டு. 1916-ல், 14 வயதில், ஆன்சல் ஆடம்ஸ் பெற்றோருடன் இங்கே விடுமுறைக்கு வந்தார். கையில் அவர்கள் வாங்கிக்கொடுத்த கோடக் பிரௌனி பெட்டிக் கேமரா. அதன்பின் ஆயுள் முழுக்க வந்துகொண்டே இருந்தார். சியரா கிளப் நடத்திய நீண்ட மலைப் பயணங்களில் படம் எடுப்பவராகச் சேர்ந்து, பிறகு அவற்றை நடத்தவும் உதவினார். பெரிய கூட்டத்தை மலைமேல் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது எப்படி என்பதை அங்கேதான் கற்றிருக்க வேண்டும். 1940-ல் எட்வர்ட் வெஸ்டன் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு யோசெமிட்டியில் ஒரு போட்டோகிராபி வகுப்பு நடத்தினார். 1955-லிருந்து 1981 வரை இங்கே வருடாவருடம் வொர்க்‌ஷாப் நடந்தது. அவர் மனைவி வர்ஜினியாவின் தந்தை பள்ளத்தாக்கில் வைத்திருந்த பெஸ்ட்ஸ் ஸ்டூடியோதான் இன்றைய ஆன்சல் ஆடம்ஸ் கேலரி. இன்றைக்கும் அங்கே வகுப்புகள் உண்டு.

அந்த வகுப்புகளின் மையமாக இருந்த விஷயம் 1927 ஏப்ரல் 10 அன்று அவருக்கே நடந்தது. கனமான கேமராவையும் 12 கண்ணாடித் தகடுகளையும் தூக்கிக்கொண்டு பனியில் ஏறி ஹாஃப் டோமுக்கு எதிரே வந்து சேர்ந்தபோது மிச்சம் இருந்தவை இரண்டே தகடுகள். ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த கையோடு, 'வானம் சாதாரணமாகத்தானே வரும், நான் உணர்கிற கம்பீரம் வராதே' என்று தோன்றியது. கடைசித் தகட்டை அடர்சிவப்பு ஃபில்டரோடு எடுத்தார். வானம் ஏறக்குறைய கறுப்பாகி, பாறை எழுந்து நின்றது. பட்டனை அமுக்குவதற்கு முன்பே, முடிந்த படம் எப்படி இருக்க வேண்டும் என்று மனதில் பார்ப்பது. இதைத்தான் பின்னாளில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நம் போனில் நூற்றுக்கணக்கில் படங்கள் குவிந்துகிடக்க, அவற்றில் ஒன்றுகூட ஃப்ரேம் போட்டு மாட்டத் தேறாமல் போவதற்குக் காரணமும் இந்த ஒன்று இல்லாததுதான்.

நேரத்தை எவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போடலாம் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம். க்ளேசியர் பாயிண்டிலிருந்து ஆடம்ஸ் எடுத்த 'ஆட்டம் மூன்' படம் எந்த வருடத்தியது என்பதில் குழப்பம் இருந்தது. டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழக வானியலாளர்கள் சிலர் நிலாவின் இடத்தையும் மலைகளின் நிழலையும் வைத்து, அது 1948 செப்டம்பர் 15 என்று கண்டுபிடித்தார்கள். நிலா 19 வருடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே தேதியில் அதே நிலைக்கு வரும். அப்படி மூன்று சுற்று முடிந்து 2005 செப்டம்பர் 15 அன்று நிலா அதே மாதிரி வந்தபோது, க்ளேசியர் பாயிண்டில் ஒரு கூட்டமே கேமராவோடு காத்திருந்தது. இப்போது இந்தக் கணக்கெல்லாம் போட்டோபில்ஸ் மாதிரி ஆப்பில் ஒரு நொடியில் வந்துவிடும். சூரியன் எங்கே, நிலா எங்கே என்று ஆப் சொல்லும். மேற்கே மேகம் விலகுமா, அருவியில் தண்ணீர் இருக்குமா என்று சொல்லாது. யோசெமிட்டி அருவி பனி உருகிய தண்ணீரில் ஓடுவது. பல வருடங்களில் கோடை முடிவதற்குள் வற்றிவிடும். ஆகஸ்ட் கடைசியில் பெற்றோரைக் கூட்டிப்போய் "அருவி எங்கேப்பா?" என்று கேட்க வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

களத்தில் வாத்தியார் செய்யும் சின்னச் சின்ன உதவிகள் எனக்குப் பிடிக்கும். ஒரு வசந்த கால மாலையில் பிரைடல்வெயில் அருவியில் வானவில் விழுந்தது. என் பக்கத்தில் நின்ற அம்மாவின் கேமராவில் மட்டும் வானவில்லைக் காணோம். அவர் லென்ஸில் போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தார். வாத்தியார் வந்து அதை லேசாகத் திருகினார், அவ்வளவுதான், வானவில் பளிச்சென்று வந்துவிட்டது. அந்த ஃபில்டரை ஒரு பக்கம் திருப்பினால் வானவில் தெளிவாகும், இன்னொரு பக்கம் திருப்பினால் மறைந்தே போகும். புத்தகத்தில் பத்துத் தடவை படித்தாலும் மறந்துபோகிற இந்த விஷயத்தை அந்த அம்மா இனி மறக்க மாட்டார்.

இதற்கு நேர்மாறான ஒருவரிடமும் மாட்டியிருக்கிறேன். பெயர் வேண்டாம். நல்ல வெளிச்சம் வந்ததும் முதல் வரிசையில் தன் ட்ரைபாடை ஊன்றிவிட்டுத் தன் படத்தை எடுக்க ஆரம்பித்துவிடுவார். நாங்கள் எல்லாம் அவர் முதுகைப் பார்த்தபடி நிற்க வேண்டியதுதான். அழகான படங்கள்தான் எடுத்தார், மறுப்பதற்கில்லை.

இனி கொஞ்சம் கசப்பான பக்கம். பிப்ரவரி நடுவிலிருந்து கடைசி வரை, எல் கேப்பிட்டனின் கிழக்கு ஓரத்தில் விழும் ஹார்ஸ்டெயில் அருவியில் மாலைச் சூரியன் ஒரு கோணத்தில் பட்டால், தண்ணீர் நெருப்புக் குழம்பு மாதிரி ஒளிரும். நீடிப்பது சுமார் பத்து நிமிடம். 1973-ல் கேலன் ரோவெல் எடுத்த வண்ணப்படத்துக்குப் பிறகு இது போட்டோகிராபர்களுக்குத் தெரிந்த ரகசியமாக இருந்தது. பிறகு டூர்கள் வந்தன, இன்ஸ்டாகிராம் வந்தது. ஒரே மாலையில் 2,000 பேருக்கு மேல் கூடினார்கள். மெர்சட் ஆற்றங்கரை மிதிபட்டுச் சரிந்தது, செடிகள் நசுங்கின, கழிப்பறை இல்லாத காட்டில் அசிங்கம். கடைசியில் பார்க் நிர்வாகம் சில சாலையோரங்களையும் ஆற்றங்கரையையும் அந்த நாட்களில் மூடியது. யோசெமிட்டி அருவிப் பக்கம் காரை நிறுத்திவிட்டு ஒன்றரை மைல் நடந்து போகச் சொன்னது. 2024, 2025 பிப்ரவரி வார இறுதிகளில் முன்பதிவு இல்லாமல் உள்ளேயே விடவில்லை.

இதில் டூர் நடத்துகிறவர்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஒரு இடத்தை அழகாகக் காட்டிப் பிழைக்கிற தொழில், அந்த இடத்தையே தேய்க்கிறது. பார்க்குக்குள் காசு வாங்கி வொர்க்‌ஷாப் நடத்த வணிக அனுமதியும் காப்பீடும் வேண்டும் என்ற விதி இருக்கிறது. விதியைத் தாண்டி, தன் கூட்டத்தை ஆறு ஏழு பேரோடு நிறுத்திக்கொள்பவர்களும், புல்வெளியில் கால் வைக்க விடாதவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பிப்ரவரியில் அந்தப் பக்கமே போவதில்லை. அதே மாலையில் வேறு ஏதாவது ஓக் மரத்தடியில் பனியைப் படமெடுக்கக் கூட்டிப்போய்விடுவார். "ஃபயர்ஃபால் இல்லையா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த ஓக் மரப் படம்தான் இன்று என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

வழிகாட்டி உயிர்ப்பிரச்சினையாக இருக்கும் இடங்களும் உண்டு. அரிசோனாவில் நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கும் ஆன்டிலோப் கேன்யன் அப்படிப்பட்டது. 1997 ஆகஸ்ட் 12 அன்று, சில மைல் தள்ளிப் பெய்த மழையின் வெள்ளம் அந்தக் குறுகிய பாறைப் பிளவுக்குள் பாய்ந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனார்கள். கேன்யன் மேலே பெரிதாக மழையே இல்லை. அங்கே இன்று உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. 'என்ன இவ்வளவு அவசரப்படுத்துறாங்க' என்று அலுத்துக்கொள்ளும் முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சேருவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேருக்கு ஒரு வாத்தியார்? வெளிச்சம் வந்தபின் அவர் படம் எடுப்பாரா, நம்மைப் பார்ப்பாரா? எடுத்த படங்களை எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் நேரம் உண்டா? மூன்றாவதுதான் முக்கியம். ஒரே இடத்தில் நின்ற எட்டுப் பேர் எட்டு விதமாகப் பார்த்திருப்பது அந்த அறையில்தான் தெரியும். வாத்தியாரின் வெப்சைட்டில் அவர் படங்களைப் பார்த்து மயங்குவதைவிட, அவருடைய மாணவர்களின் படங்களைத் தேடிப் பார்ப்பது நல்லது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

குடும்பத்தோடு போவதா, தனியாகவா? தனியாகப் போவதுதான் எல்லோருக்கும் நிம்மதி. விடிகாலை நாலு மணிக்கு அலாரம் வைத்து, குழந்தைகளையும் மாமியாரையும் எழுப்பி, குளிரில் ஒன்றரை மணி நேரம் நிற்கவைத்து, "மேகம் வந்துடுச்சு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொன்னால் அடுத்த டூருக்கு வீட்டில் அனுமதி கிடைப்பது கஷ்டம். டீனேஜ் பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் கூட்டிப்போகலாம். கீழே வயது வரம்பு வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் என்றால் காரில் டயர் செயின் இருந்தாக வேண்டும், டயோகா ரோடு மூடியிருக்கும். ட்ரோன் எந்த நேஷனல் பார்க்கிலும் கூடாது, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இருட்டியபின் காரில் சாப்பாடு எதையும் விட்டுவைக்கக் கூடாது. டிக்கியில் பூட்டி வைத்தாலும் கரடி கதவைப் பிய்த்துவிடும். புளியோதரை டப்பாவைக் கையோடு அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள்.