மென்பொருளுக்கும் பாயிரம் வேண்டும்

நூலையும் நூலாசிரியனையும் கற்போர்க்கு முன்னின்று அறிமுகம் செய்வது பாயிரம். எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரமின்றி அது நூலாகாது என்பது நன்னூலார் கொள்கை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினைச் சிறப்புப்பாயிரத்தின் இலக்கணமாக அவர் வகுத்தார். காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரையும் குறித்தார். பனையோலைக்கு வகுத்த இவ்விலக்கணம் கணிப்பொறி மென்பொருளுக்கும் பொருந்துவதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

திறந்த மூல மென்பொருள் என்பது, தன் மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமம் அளிக்கும் மென்பொருளாகும். ஆக்கியோன் பல்லாண்டு உழைத்து அதனைப் பொதுவில் வைக்கின்றான். பயன்படுத்துவோர் பலராயினும், ஆக்கியோன் யார், எக்குறையைத் தீர்க்க அதனை ஆக்கினான் என்பதை அறிவோர் சிலரே. ஆய்வுலகில் ஒருவரது உழைப்பு மேற்கோளாகக் காட்டப்பெறும்போதே கணக்கில் வருகின்றது. எனவே மென்பொருளைப் பற்றி ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிடும் வழக்கம் தோன்றியது.

இதற்குத் தக்க சான்று மேட்பிளாட்லிப் என்னும் வரைபட மென்பொருள். இதனை ஆக்கியவர் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹண்டர். வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளை ஆராய அவரது ஆய்வுக்கூடத்தில் இருந்த வணிக மென்பொருளுக்கு ஒரே உரிமம்தான் இருந்தது. மாணவரும் ஆய்வாளரும் அதனை முறைவைத்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது. இவ்விடர்ப்பாட்டிற்கு மாற்றுத் தேடிய முயற்சியே, பின்னர் பைத்தான் மொழியில் மேட்பிளாட்லிப்பாக உருவெடுத்து 2003ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனைப் பற்றி அவர் எழுதிய ஆறு பக்கக் கட்டுரை, 'கம்ப்யூட்டிங் இன் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்' என்னும் இதழில் 2007ஆம் ஆண்டு வெளியாயிற்று. 2012ஆம் ஆண்டு ஹண்டர் மறைந்தார். ஆயினும் அம்மென்பொருளால் படம் வரையும் ஆய்வாளர் இன்றும் அக்கட்டுரையையே மேற்கோள் காட்டுகின்றனர். 2019ஆம் ஆண்டு கருந்துளையின் முதற்படத்தை உலகிற்கு அளித்த ஆய்விலும் மேட்பிளாட்லிப் பயன்பட்டது. ஆறு பக்கங்கள் ஒருவரது உழைப்பிற்கு அழியாச் சான்றாயின.

இத்தகைய கட்டுரைகளுக்கெனவே 2016ஆம் ஆண்டு 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' என்னும் இதழ் தொடங்கப்பெற்றது. எழுதுவோரிடமும் படிப்போரிடமும் இவ்விதழ் கட்டணம் பெறுவதில்லை. கட்டுரையும் மிகச் சுருக்கமாக அமைதல் வேண்டும். துறை அறியாதாரும் புரிந்துகொள்ளும் வண்ணம் மென்பொருளின் பணியைக் கூறுவது முதற்பகுதி. இதுவே நுதலிய பொருள். எக்குறையை நீக்க எழுந்தது, யார்க்குப் பயன்படும் என உரைப்பது தேவைக்கூற்று. இதனுள் காரணம், கேட்போர், பயன் மூன்றும் அடங்கும். முன்னிருந்த மென்பொருள்களைச் சுட்டி, அவற்றினின்று தன் படைப்பு வேறுபடுமாற்றை எடுத்துரைப்பது வழி. நூல் வழங்கும் நிலம் எல்லை என்பர் உரையாசிரியர். மென்பொருளுக்கு அது இயங்கும் சூழலே எல்லையாம்.

சிறப்புப்பாயிரத்தைத் தானே எழுதாது, தன் ஆசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், உரைகாரன் ஆகியோருள் ஒருவர் இயற்றுதல் மரபு. தற்புகழ்ச்சி தகாது என்பதே அதன் உட்கருத்து. மேற்கூறிய இதழில் ஆக்கியோனே எழுதினும், பிறர் சான்று இன்றியமையாதது. மதிப்பீட்டாளர் கட்டுரையைப் படிப்பதோடு அமைவதில்லை. மென்பொருளைத் தம் கணிப்பொறியில் நிறுவி இயக்கிப் பார்க்கின்றனர். உரிமம் உளதா, நிறுவும் முறை தெளிவாக எழுதப்பட்டுளதா, எடுத்துக்காட்டுகள் உளவா, சோதனை நிரல்கள் உளவா, கூறிய பணியை மென்பொருள் செய்கின்றதா என ஒவ்வொன்றாகக் குறித்துச் செல்கின்றனர். இம்மதிப்பீடு அனைவரும் காணும்படி வெளிப்படையாகவே நிகழ்கின்றது. குறை சுட்டியவிடத்து ஆக்கியோன் திருத்துகின்றான். ஆகவே கட்டுரை எழுதப் புகுந்தவனின் மென்பொருளும் செம்மையுறுகின்றது.

ஏற்கப்பெற்ற பின், மென்பொருளின் அப்பதிப்பை நிலையான காப்பகம் ஒன்றில் வைத்தல் வேண்டும். ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்திவரும் செனோடோ அத்தகைய காப்பகங்களுள் ஒன்று. அங்கு வைக்கப்பெறும் ஒவ்வொரு பதிப்பிற்கும் மாறாத அடையாளக் குறியீடு வழங்கப்பெறுகின்றது. இது காலம், களம் இரண்டையும் காத்துத் தருவதாகும்.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. கட்டுரை நின்றுவிடுகின்றது, மென்பொருளோ வளர்ந்துகொண்டே செல்கின்றது. பின்வந்து உழைத்தோர் பெயர் பழைய கட்டுரையில் இடம்பெறாது. மேட்பிளாட்லிப்பின் புதிய பதிப்புகளும் தனித்தனிக் குறியீட்டோடு காப்பகத்தில் வைக்கப்பெறுதல் இக்குறையை ஒருவாறு போக்குகின்றது. எண்வழிக் கணக்கீட்டிற்குரிய நம்பை என்னும் மென்பொருளின் முதற்பதிப்பு 2006ஆம் ஆண்டினது. அதனைப் பற்றிய கட்டுரை 2020ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் 26 ஆசிரியர் பெயரோடு வெளிவந்தது. ஆக்கியோன் பெயர் என்னும் முதல் இலக்கணமே இக்காலத்தில் கடினமான வினாவாயிற்று எனலாம். கட்டுரை தொடங்கு முன்னரே உடனுழைத்தோர் அனைவரையும் கலந்து பெயர்களை முடிவு செய்தல் நேர்மையாகும்.

ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர் பலர் இரவு பகலாக உழைத்து மென்பொருள் ஆக்குகின்றனர். மதிப்பெண் பெற்றதும் அது குறுந்தகட்டோடும் கட்டமைத்த ஏட்டோடும் அலமாரியில் உறங்கிவிடுகின்றது. அடுத்த ஆண்டு மாணவன் அதனை அறியாது மீண்டும் முதலிலிருந்தே தொடங்குகின்றான். பயன் கருதாது ஈந்த உழைப்பு எனினும் அது பிறர் கையில் சேரவேண்டுமன்றோ! உரிமம் இட்டுப் பொதுவில் வையுங்கள்; நிறுவும் முறையை எழுதுங்கள்; பிறர் இயக்கிப் பார்க்கக் கொடுங்கள்; பின்னர் எதற்காக ஆக்கினீர்கள் என்பதை இரண்டு பக்கத்தில் தெளிவாக உரையுங்கள். அவ்விரண்டு பக்கத்தைப் பிழையற எழுதத் துணைநிற்பது மொழித்துறையினராகிய நம் கடமையுமாகும். நிரல் கணிப்பொறிக்குச் சொல்வது; பாயிரம் மக்களுக்குச் சொல்வது. இரண்டும் கூடியவழியே படைப்பு முழுமை பெறும்.